இவரை எனக்குத் தெரியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு தட்டு இடியப்பத்தோடு வந்தார். எங்கள் தாமானில் யாராவது தட்டோடு வந்தால் பின்னால் ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தம். வீட்டு வயரிங், வருமான வரி பாரம், பையனின் லேப்டாப் என்று ஏதாவது ஒன்று. நான் எஞ்சினியர் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது தாமானின் நம்பிக்கை.

அன்றைக்கு வந்த வேலை வேறு மாதிரி.

"தம்பி, ஒங்க பாஸு அமெரிக்காவுலதான படிச்சாரு?"

"ஆமா ஆன்ட்டி."

"பாப்பா அப்ளை பண்ற லிஸ்ட்டுல அந்த யூனிவர்சிட்டியும் இருக்கு. அவருக்கிட்ட ஒரு சூராட் மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும். அங்க படிச்சவரு சொன்னா கேப்பாங்கல்ல?"

பாப்பா என்று அவர் சொன்ன பிள்ளைக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.பி.எம்.மில் நல்ல தேர்ச்சி. ஆறாம் படிவம் படித்துக்கொண்டே, இணையத்தில் கிடைத்த இலவசப் பாடங்களை வைத்து எஸ்.ஏ.டி. பரீட்சைக்குத் தானே தயாராகி எழுதியிருந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறார். ஆன்ட்டிக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. அமெரிக்காவில் படிக்கக் காசு ஏது என்று கேட்பீர்கள். அங்கே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி ஒருசில இடங்கள், வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட அவரால் கட்டணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. எடுத்துக்கொண்டால், குடும்பத்தால் முடியாத மிச்சச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கும். அப்படி ஒரு இடத்துக்குத்தான் அவள் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களில் நூற்றுக்குச் சில பேருக்குத்தான் அங்கே கதவு திறக்கும். திறந்தால் அந்த வீட்டின் கதையே மாறிவிடும்.

என் பாஸ் ஈப்போக்காரர். எண்பதுகளில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், திரும்பி வந்து, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை தொழிற்சாலையாக மாறி இப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவர். திங்கட்கிழமை மதிய உணவின்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். அன்று இரவே உட்கார்ந்தேன். பரிந்துரைக் கடிதங்கள் எப்படித் தொடங்கும் என்று சில மாதிரிகளைப் பார்த்துக்கொண்டேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கின. 'இவரை எனக்கு இத்தனை ஆண்டுகளாக, இன்ன வகையில் தெரியும்.'

என் பாஸுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. பெயரைக்கூட நான்தான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

*

மாட்டிக்கொண்டதற்குக் காரணம் நேர்மை என்று சொன்னால் அது பொய். காரணம் வேறொரு கடிதம்.

எஸ்.டி.பி.எம். முடித்த வருடம் யூ.பி.யு. முடிவு வந்தபோது எனக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ராயுவான் போடலாம், மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: வெறும் பாரம் போட்டால் போதாது, ஒரு 'சூராட் சொக்கோங்கான்' வேண்டும். ஆதரவுக் கடிதம்.

நம் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பொதுப் பல்கலைக்கழகத்துக்கான கணக்கு காகிதத்தில் மிகச் சுத்தமானது. தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. அதில் கடிதத்துக்கு என்று ஒரு விழுக்காடும் இல்லை. ஆனாலும் ராயுவான் காலம் வந்துவிட்டால் கட்சி அலுவலகங்களில் கோப்போடு பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். முன்வாசலில் இல்லாத கடிதத்துக்குப் பின்வாசலில் வரிசை.

அப்பா அரைநாள் விடுப்பு எடுத்து, கட்சிக் கிளைத் தலைவர் ஒருவரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன், வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றேன். கதவு திறந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது. தலைவர் நல்லவர்தான், காசு எதுவும் கேட்கவில்லை. "பையன் பேரு என்னங்க?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடத்தில் கடிதம் வந்தது. மலாயில் அழகாக எழுதியிருந்தது: இவர் ஒழுக்கமானவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், நான் இவரை நன்கு அறிவேன்.

ராயுவானில் எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் வராமல் போனதால் காலியான இடமாக இருக்கலாம். கடிதத்தை யாரும் பிரித்தே பார்க்காமல் இருந்திருக்கலாம். அப்பாவுக்கு மட்டும் சந்தேகம் கிடையாது. அந்தத் தலைவருக்குத் தீபாவளிக்கு முறுக்கு டின் போய்க்கொண்டே இருந்தது.

நான் நான்கு வருடம் படித்தேன், பட்டம் வாங்கினேன், வேலைக்கு வந்தேன். அந்தப் பட்டத்தின் கீழே எங்கோ, என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட ஒருவரின் 'நான் நன்கு அறிவேன்' இருக்கிறது. இருக்கலாம். இந்த 'இருக்கலாம்'தான் அன்று இரவு என்னை எழுத விடவில்லை.

*

முதலில் ஆன்ட்டியின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அங்கே படித்தவர் சொன்னால் கேட்பார்களா?

அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் கடிதம் சின்ன விஷயம் இல்லை. பெயர்பெற்ற இடங்கள் பல, வகுப்பெடுத்த இரண்டு ஆசிரியர்களிடமிருந்தும் பள்ளி ஆலோசகரிடமிருந்தும் கடிதம் கேட்கின்றன. இவை கேட்டு வாங்கும் கடிதங்கள். பழைய மாணவர், செனட்டர், கம்பெனி முதலாளி எழுதி அனுப்புபவை கேட்காமல் வருபவை. கேட்காமல் வருவதைப் பற்றிச் சேர்க்கை அலுவலகங்கள் பொதுவாகச் சொல்வது ஒன்றுதான்: மாணவரை நேரடியாகத் தெரிந்த ஒருவர், மற்ற தாள்களில் இல்லாத ஒன்றைச் சொல்ல முடியுமானால் அனுப்புங்கள், பெரிய பெயருக்காக அனுப்பாதீர்கள். ஆக, ஈப்போக்காரர் ஒருவர் தான் பார்த்தே இராத பிள்ளையைப் பற்றிப் பொதுவாகப் புகழ்ந்து எழுதும் தாள், ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படித்துக் களைத்த ஒருவரின் மேசையில் அரை நிமிடம் இருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் இது பாதி உண்மை. மீதிப் பாதி நீதிமன்றத்தில் வெளியே வந்தது. ஹார்வர்டின் மாணவர் சேர்க்கையை எதிர்த்து 2014இல் தொடுக்கப்பட்டு, 2018இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்து, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அது. இனத்தைக் கணக்கில் எடுப்பது பற்றிய வழக்கு. அதன் தீர்ப்பு சரியா தவறா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். விசாரணையில் வெளியான கணக்குகள்தான் இங்கே முக்கியம். பழைய மாணவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு நூற்றுக்கு ஆறு பேர் என்ற அளவில். நன்கொடையாளர்களோடும் வேண்டியவர்களோடும் தொடர்புள்ள விண்ணப்பங்களுக்கு டீனின் தனிப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் பெயர் இருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் உள்ளே போயிருந்தார்கள்.

அதாவது பழைய மாணவரின் சொல் எடுபடும். ஆனால் எடுபடுவது சொல் இல்லை, சொல்பவர். அவர் கட்டடம் கட்டிக் கொடுத்தவராக இருந்தால் இரண்டு வரி போதும். என் பாஸ் மாதிரி மாதச் சம்பளக்காரராக இருந்தால் இரண்டு பக்கமும் போதாது.

எஞ்சினியர் புத்தியில் இதை இப்படி எழுதிப் பார்த்தேன். தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும் கடிதம் ஒன்று வேலை செய்யாது, அல்லது தவறான காரணத்துக்காக வேலை செய்யும். சரியான காரணத்துக்காக வேலை செய்ய அதற்கு வழியே இல்லை.

இந்தக் கடிதங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது இன்னொன்று தெரிந்தது. நூறு வருடங்களுக்கு முன்பு அங்கே நுழைவுத் தேர்வில் தேறினால் பெரும்பாலும் இடம் நிச்சயம். 1922இல் ஹார்வர்டில் ஐந்தில் ஒருவர் யூத மாணவர். அதிபர் ஏ. லாரன்ஸ் லோவெல் அதை 15 விழுக்காடாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். பேராசிரியர்கள் வெளிப்படையான கோட்டாவை ஏற்கவில்லை. 1926இல் வேறு வழி வந்தது: மொத்த இடங்களுக்கு வரம்பு, கூடவே மதிப்பெண்ணோடு 'குணநலனும்' பார்க்கப்படும். குணநலனை எப்படிப் பார்ப்பது? புகைப்படம், நேர்முகம், பரிந்துரைக் கடிதம். ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் 2005இல் வெளியிட்ட 'த சோசன்' என்ற புத்தகத்தில் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறார். நம் வீட்டில் உள்ளே விடக் கதவைத் தட்டும் கடிதம், அங்கே வெளியே நிறுத்தும் கதவாகப் பிறந்திருக்கிறது.

அதே ஹார்வர்ட் வழக்கில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்த தகவல் ஒன்று உண்டு. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு, கோப்பை மட்டும் படித்த அலுவலகத்தார் போட்ட ஆளுமை மதிப்பெண் வெள்ளை மாணவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதே மாணவர்களை நேரில் உட்காரவைத்துப் பேசிய பழைய மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. 2019இல் தீர்ப்பளித்த மாவட்ட நீதிபதி இதை வேண்டுமென்றே செய்த பாகுபாடாக ஏற்கவில்லை. பள்ளிகளிலிருந்து வந்த கடிதங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எது காரணமாக இருந்தாலும், காகிதத்தில் மங்கலாகத் தெரிந்த பிள்ளைகள் எதிரே உட்கார்ந்ததும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்திருக்கிறார்கள்.

*

முடியாது என்று சொல்ல ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். ஆன்ட்டி கத்தவில்லை, அழவில்லை. கோப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"நேர்மையெல்லாம் நல்லதுதான் தம்பி. ஆனா அத எம்புள்ளகிட்டேர்ந்துதான் ஆரம்பிக்கணுமா?"

அந்தப் பிள்ளை உள்ளே அறையில் இருந்தாள். கேட்டிருப்பாள்.

இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இடம் கிடைத்தவன் தர்மம் பேசுவது சுலபம். கேபள் இருக்கிறவன் பிள்ளை கேபளோடு போகிறது. இல்லாதவன் பிள்ளைக்கு வராது வந்த ஒரு சின்னக் கேபளையும் அறம் பேசி வெட்டிவிட்டால், அந்த அறத்தின் விலையைக் கட்டுவது யார்? நான் இல்லை. என் கை சுத்தமாக இருக்க அவள் தண்டம் கட்ட வேண்டும். ஆன்ட்டி கேட்டதன் சாரம் இதுதான்.

"எல்லாரும் செய்றாங்க, நாம மட்டும் என்ன?" என்பதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 2023இல் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: ஒரே அளவு எஸ்.ஏ.டி. மதிப்பெண் எடுத்தாலும், அமெரிக்காவின் உச்ச ஒரு விழுக்காட்டுப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பழைய மாணவர் உறவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். பந்தயமே சாய்ந்திருக்கும்போது நான் மட்டும் நேராக நிற்பதில் என்ன பெருமை?

பல நாள் யோசித்து என்னிடம் வந்து சேர்ந்த பதில் இது. நம் சின்னக் கேபள் பெரிய கேபளை வெட்டாது. கட்டடம் கட்டிக் கொடுத்தவர் பேரனின் இடத்தை என் பாஸின் கடிதம் தொடக்கூட முடியாது. அது உண்மையிலேயே வேலை செய்தால், யாருடைய இடத்தில் வேலை செய்யும்? அதே குவியலில், அதே மதிப்பெண்ணோடு, அதே மாதிரி லாரி ஓட்டும் அப்பாவோடு நேப்பாளத்திலிருந்தோ கென்யாவிலிருந்தோ விண்ணப்பித்து, பக்கத்து வீட்டில் எஞ்சினியர் அண்ணன் இல்லாமல் போன ஒரு பிள்ளையின் இடத்தில். சிபாரிசு மேலே இருப்பவனை இழுத்துக் கீழே போடுவதில்லை. பக்கத்தில் நிற்பவனைத் தள்ளிவிடுகிறது.

இதை யோசித்து முடித்த கணத்தில் என் சொந்த ராயுவான் ஞாபகம் வந்தது. அந்தக் கடிதம் வேலை செய்திருந்தால், அது யாருடைய இடம்? அமைச்சர் மகனின் இடமாக இருந்திருக்காது. எங்கோ ஒரு தோட்டத்திலோ கம்பத்திலோ, கடிதம் வாங்கத் தெரியாத அப்பாவுக்குப் பிறந்தவனின் இடமாகத்தான் இருந்திருக்கும். அவன் தமிழனாகவும் இருக்கலாம், மலாய்க்காரனாகவும் இருக்கலாம், சீனனாகவும் இருக்கலாம். அவனுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவனைத் தெரியாது.

*

பாஸிடம் போய், முதல் வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா, பாக்குறேன்" என்றார்.

சனிக்கிழமை பாயான் பாருவில் ஒரு உணவுக் கடையில் சந்தித்தோம். ஒன்றரை மணி நேரம். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்கு கேட்கலாம் என்று அவர்தான் சொன்னார். நிதியுதவிப் பாரத்தில் குடும்ப வருமானத்தைக் கூச்சப்படாமல் உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார். முதல் குளிர்காலத்தில் தான் அழுததைச் சொன்னார், எனக்கே அது புதுச் செய்தி. வகுப்பில் மற்ற எல்லாரும் தன்னைவிடப் புத்திசாலிகள் என்று ஒரு வருடம் நம்பியிருந்ததைச் சொன்னார். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது நான் மெதுவாக, "இப்ப ஒங்களுக்கு அவளத் தெரியும், எழுதலாமே" என்றேன். அவர் சிரித்தார். "ஒரு தடவ நூடல்ஸ் சாப்பிட்டதுக்கு ஒரு கடிதமா? நேர்முகம் செய்ய அவங்களே ஒரு பழைய மாணவர நியமிப்பாங்க. அவரு எழுதுறத எழுதட்டும்."

வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தில் நெரிசல். எஸ்.டி.பி.எம்.மில் தமிழ் இலக்கியமும் எடுத்திருந்த எனக்கு, அந்த நெரிசலில் ஆற்றுப்படை ஞாபகம் வந்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்பும் கலைஞன் ஒருவன், வழியில் வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, நான் இன்னாரிடம் போனேன், நீயும் போ என்று வழி சொல்வது. உள்ளே போய் வந்தவர், வெளியே நிற்பவருக்குச் சொல்வது. யோசித்தால் அதுவும் பழைய மாணவர் பரிந்துரைதான். ஆனால் திசை வேறு. அந்தக் கலைஞன், இவன் ரொம்பத் திறமைசாலி என்று அரசனிடம் சொல்லவில்லை. அவன் பேசுவது முழுக்க முழுக்கப் போகிறவனிடம். மலைபடுகடாமில் அந்த வழியே எவ்வளவு நீளமாக வருகிறது! எங்கே வழுக்கும், எங்கே பார்த்து நடக்க வேண்டும், எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள் எல்லாம் இருக்கிறது. யாழை வாசித்துக் காட்ட வேண்டியது போகிறவன் பாடு.

ஆற்றுப்படைக் கலைஞன் வழி சொல்வதால் இன்னொருவனின் பரிசு குறைவதில்லை. அடுத்து வருபவனுக்கும் அதே வழியைச் சொல்லலாம். பாஸ் அன்று நூடல்ஸ் கடையில் செய்தது இதுதான். சிபாரிசை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும், எல்லாருக்கும் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை. வழியை எத்தனை பேருக்கும் சொல்லலாம்.

*

ஆனாலும் கடிதம் தேவைப்பட்டது. பல்கலைக்கழகம் கேட்டு வாங்கும் இரண்டு ஆசிரியர் கடிதங்கள். அதில் ஒன்றை எழுத வேண்டியவர், ஐந்தாம் படிவத்தில் அவளுக்கு இயற்பியல் எடுத்த மலாய் ஆசிரியர். அவர் எழுதிக் கொடுத்ததை அவள் கவலையோடு கொண்டுவந்து காட்டினாள். மூன்று வரி. உழைப்பாளி, கட்டொழுங்கு உள்ளவர், பணிவானவர். எல்லாப் பள்ளி நற்சான்றிதழிலும் வரும் மூன்று வரி. அதில் தப்பில்லை. நம் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு வேறு மாதிரி எழுதும் தேவை வந்ததே இல்லை. வருடத்துக்கு ஐம்பது பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் பள்ளியில் ஆலோசகருக்கு இதுவே தொழில், இரண்டு பக்கம் கதையாக எழுதுவார். போட்டியில் முதல் கோணல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. பார்த்தவர் இருக்கிறார், பார்த்ததைச் சொல்லிப் பழகவில்லை.

நான் அந்த ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். "இந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் முதலில் மறுபடியும் உழைப்பாளி, கட்டொழுங்கு என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

ஊசல் பரிசோதனை. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.81 வர வேண்டும் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வகுப்பில் எல்லாருடைய அறிக்கையிலும் 9.8ஐ ஒட்டி ஏதோ ஒன்று இருந்தது. அவள் மட்டும் 9.3 என்று எழுதி, கீழே அரைப் பக்கம் காரணம் எழுதியிருந்தாள். எங்கள் குழு நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளிவரை அளக்காமல் மேல்முனைவரை அளந்துவிட்டது. நூல் 20 சென்டிமீட்டர்தான், குண்டின் ஆரம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், அதனால் விடை கிட்டத்தட்ட ஐந்து விழுக்காடு குறைகிறது. கருவிகளை எடுத்துவைத்த பிறகுதான் கவனித்தேன், அளந்தது இதுதான் என்பதால் இதையே எழுதுகிறேன்.

"நான் அப்ப ஒரு மார்க் கொறச்சேன்" என்றார் ஆசிரியர். கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். "மத்தவங்க அளக்காம எழுதுனதுக்கு முழு மார்க் குடுத்தேன்."

"இதை எழுதுங்க சிக்கு" என்றேன்.

அவர் மலாயில் எழுதினார், மார்க் குறைத்ததையும் சேர்த்து. நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்தது யார் என்று கீழே குறிப்பிடச் சொன்னது அவர்தான். முதல் வாக்கியம் எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை. இவரை எனக்கு இரண்டு ஆண்டுகளாக, இவருடைய ஆசிரியராகத் தெரியும்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பரிந்துரை, நற்சான்று. பரிந்து உரைக்க ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பரிவு இருந்தால் போதும். எங்கள் அப்பாவைப் பார்த்து அந்தக் கிளைத் தலைவருக்கு வந்தது உண்மையான பரிவுதான். சான்று சொல்லப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததில் நமக்கே சங்கடமான பகுதி இருந்தாலும் சொல்ல வேண்டும்.

நான் செய்ததும் ஒரு வகைக் கேபள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அடுத்த தாமானில் இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியரைப் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்? முழுசாக மறுக்க முடியாது. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல முடியும்: நடந்த ஒன்றை வெளியே கொண்டுவர உதவினேன், நடக்காத ஒன்றைச் சேர்க்கவில்லை. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு வேறு இரண்டு பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கு நான் தேவைப்படவில்லை.

*

மார்ச் மாதம் முடிவு வந்தது. இடம் இல்லை. காரணம் சொல்ல மாட்டார்கள், அது அவர்களின் வழக்கம்.

அவள் எஸ்.டி.பி.எம். முடித்து, இப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னியல் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. முதல் சுற்றிலேயே பெயர் வந்துவிட்டது. சந்திக்கும்போது பரிசோதனை வகுப்புகளைப் பற்றிப் பேசுவாள். அமெரிக்கா பற்றிப் பேச்செடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஆன்ட்டி இப்போதும் இடியப்பம் கொடுத்து அனுப்புகிறார், மகனிடம். அந்தக் கடிதம் போயிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று அவர் நம்புகிறார். கிடைத்திருக்காது என்று என் கணக்கு சொல்கிறது. ஆனால் என் ராயுவானில் நடந்தது என்னவென்று தெரியாத எனக்கு, இதில் மட்டும் அவ்வளவு உறுதி எங்கிருந்து வரும்?

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. நேர்மையை அவர் மகளிடமிருந்து ஆரம்பித்திருக்கக் கூடாதுதான். என்னிடமிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும், ஒன்பது வருடங்களுக்கு முன்னால், அப்பா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் கோப்பில் வைத்து மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுத்த அன்றைக்கு. எனக்கு அப்போது இருபது வயது. நனையாமல் கொண்டுபோக வேண்டுமே என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.